ஐந்தாம் சுற்றில் விழுந்த சுவர்

கோட்டைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்காரனைக் கூப்பிடுவதுதான் நியாயம் என்று நானும் நினைத்தேன். எங்கள் ஊரில் இப்போது கோட்டை இல்லை. பெயரில் இருக்கிறது, மிச்சமாக ஒரு வாசல் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் வேலை போக மீதி நேரமெல்லாம், முப்பது வருடமாக, நான் பிரசங்கித்து வருவது வேதாகமத்துக் கோட்டைகளைப் பற்றி. பாபேல், எரிகோ, நினிவே, பாபிலோன். எது எப்படி எழும்பியது, எப்படி விழுந்தது, விழுந்ததற்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பெங்களூரு நீலசந்திராவில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை மூன்று நாள் கூட்டத்துக்கு அழைத்திருந்தது. "அங்க குளிரும், மப்ளர் எடுத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி. மப்ளரும் குறிப்பு நோட்டும் பெட்டியில் வைத்தேன். பெருமையைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை, அது எங்கே போனாலும் கூடவே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியபோது மழை. ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட ஆட்டோ ஒக்கலிபுரம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், ரெண்டே நிமிஷம், பின்னாடி ஒரு கை கொடுங்க" என்றார். கோட்டைகளைத் தகர்க்க வந்தவன் வெள்ளை ஜிப்பாவோடு ஆட்டோவைத் தள்ளினேன். எங்கள் ஊரில் மழை பெய்தால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள். இங்கே எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள்.

நீலசந்திராவில் ஆட்டோ ஒரு சந்து முனையோடு நின்றுகொண்டது, உள்ளே போகாதாம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் அதன் ஒரு சக்கரம் சாக்கடைக் கம்பியில் மாட்டிக் கழன்று போயிற்று. மீதி வழியைத் தலையில் சுமந்து நடந்து, சபை என்று நினைத்து ஒரு கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஆயத்த ஆடை ஆலையின் அடையாள அட்டை இன்னும் தொங்கியது. "சர்ச்சு பக்கத்து கேட்டு சார். அய்ய, இப்பிடி நனைஞ்சிட்டீங்களே. உள்ள வாங்க, தல தொடச்சிக்கினு போங்க."

ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம். குறுக்கே கட்டிய நீல நைலான் கயிற்றில் துணிகள். கட்டிலில் மூக்கில் குழாய் மாட்டிய ஒரு முதியவர், பக்கத்தில் உறுமிக்கொண்டு ஒரு ஆக்சிஜன் மெஷின். "எங்கப்பா மாணிக்கம். கோலார் தங்கவயல்ல இருவத்தெட்டு வருஷம் மைன்ஸ்ல கீழ எறங்குனவரு. நெஞ்சு பூரா கல்லுத்தூசி" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் யசோதரை. டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஒக்கலிபுரத்துத் தண்ணீர் எலும்பு வரைக்கும் ஏறியிருந்ததால் அது எனக்கு அமிர்தமாக இருந்தது.

நான் பிரசங்கியார் என்று தெரிந்ததும் அவள் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். அதற்கு மறுபக்கம் சபை.

"சார், சர்ச்சு கூரத் தண்ணி பூரா இந்த செவுத்துலதான் எறங்குது. உப்பிக்கினு வருது பாருங்க. பாஸ்டராண்ட நாலு வாட்டி சொல்லிட்டேன். நான் சொன்னா சண்டைக்கி வர்றேன்னு நெனக்கிறாங்க. நீங்க வெளியூருலேர்ந்து வந்த பெரியவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

நான் எழுந்து சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரம். இடுப்பு உயரத்தில் சாந்து வயிறு தள்ளி நின்றது, நடுவே விரல் நுழையும் வெடிப்பு. போதகர்களை ஐயர் என்று கூப்பிடும் பழைய வழக்கப்படி கட்டிலிலிருந்து பெரியவர் சொன்னார்: "கைய எடு ஐயரே. அத்தாண்ட ரொம்ப நேரம் நிக்காத."

"சொல்லுதேம்மா. இன்னைக்கே சொல்லுதேன்" என்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். சொன்னவன் நான்.

சபை ஒரு நீளமான தகரக் கூரைக் கொட்டகை. போதகர் ஜோயலுக்கு முப்பத்தைந்து வயது, தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர், ஒரு நிமிடம் சும்மா நிற்க மாட்டார். துண்டு கொடுத்தார், பிளாஸ்க் காபி கொடுத்தார், நான் மூச்சு விடுவதற்குள் விஷயத்தையும் சொல்லிவிட்டார். மேலே ஒரு மாடி கட்ட ஆசை. பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் இறங்குகிறது என்று மாநகராட்சியில் மனுக் கொடுத்து வேலை நின்றுபோனது. இடத்தையாவது விலைக்குக் கொடுங்கள் என்றால் அதற்கும் சம்மதம் இல்லை.

"அதான் ஐயா, எரிகோ ஜெபம் ஆரம்பிச்சிட்டோம். இன்னிக்கி அஞ்சாவது நாளு. ஞாயித்துக்கெழம காலைல ஏழு சுத்து. அந்த ஊடுதான் நம்ம எரிகோ."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யோசுவாவின் ஜனங்கள் எரிகோ பட்டணத்தை ஆறு நாள் தினம் ஒருமுறை சுற்றி வந்தார்கள். ஏழாம் நாள் ஏழு முறை சுற்றி, ஆசாரியர்கள் எக்காளம் ஊத, ஜனங்கள் ஆர்ப்பரித்தபோது மதில் இடிந்து விழுந்தது. இதை வைத்து எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. நோயோ வழக்கோ நிலமோ, எது வழிமறிக்கிறதோ அதைச் சுற்றி ஏழு நாள் ஜெபித்துக்கொண்டே நடப்பது. நானே ஊரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றியிருக்கிறேன்.

"அந்தம்மா வந்து எதனா பேசும். காதுல போட்டுக்காதீங்க" என்றார் ஜோயல். ஏற்கெனவே போட்டுக்கொண்டாயிற்று. அவள் கொடுத்த டீயின் சூடுகூட வயிற்றில் ஆறவில்லை. வந்த வீட்டில் கால் வைத்ததும் கசப்பாக எதற்குப் பேச வேண்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அன்றைய பிரசங்கம் எடுபடவில்லை. வேதாகமத்தில் சங்கீதம் பாடியவன் கடவுளையே கோட்டை என்று கூப்பிடுகிறான், அது ஒருவகைக் கோட்டை. அப்போஸ்தலர் பவுல் தகர்க்கச் சொல்வது வேறொன்று, மனிதனுடைய மேட்டிமையான எண்ணம்தான் அவர் சொல்லும் அரண், அது செங்கல்லில் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது. இதைத்தான் விளக்கினேன். நல்ல பிரசங்கம்தான், இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன். ஆனால் முதல் வரிசையிலேயே ஒருவர் வாயைக் கையால் மறைக்காமல் கொட்டாவி விட்டார். இரண்டு பேர் போனைப் பார்த்தார்கள். அது எனக்குச் சுருக்கென்று குத்தியது.

சனிக்கிழமை காலை. நான் தங்கியிருந்த ஜோயலின் வீடு அடுகோடி என்ற பகுதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே. ஏழு மணிக்கே கீழே இரும்பைக் கடைய ஆரம்பித்துவிட்டார்கள். பலகாரத்துக்கு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். ஒரே தட்டில் உப்புமா ஒரு பக்கம், கேசரி ஒரு பக்கம். எதை முதலில் சாப்பிடுவது என்று கேட்டேன். "ரெண்டையும் சேத்துதான் ஐயா" என்றார். சாம்பாரில் வெல்லம். எங்கள் வீட்டில் சாம்பாரில் இனிப்பு இருந்தால் யாரோ தப்புப் பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கே அது முறையாம். இரண்டாவது கரண்டியில் எனக்கும் பிடித்துப்போனது, அதை ஜோயலிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

நீலசந்திராவுக்கு பஸ்ஸில் போனோம். நனைந்த குடையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. ஜோயல் மொழிபெயர்த்தார்: "பெரியவரே, குடையை எழுப்புங்க, இல்லன்னா அதுக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்க." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சுவரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அன்று சாயங்காலப் பிரசங்கம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

அன்று எரிகோவை எடுத்தேன். ஆரம்பத்தில் கூட்டம் நேற்றுப்போலத்தான் இருந்தது. கொட்டாவிக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் பேசியும் ஓர் அல்லேலூயா வரவில்லை. அப்போது என் கை தானாக இடது பக்கச் சுவரை நோக்கி நீண்டது.

"பிரியமானவர்களே, மதில் ஏற்கெனவே அசைந்துவிட்டது! அந்தப் பக்கம் போய் என் கண்ணால் பார்த்தேன், என் கையால் தொட்டேன். வெடித்து நிற்கிறது! வயிறு தள்ளி நிற்கிறது! இன்னும் ஒரே நாள்!"

கொட்டகை அதிர்ந்தது. டிரம்ஸ் அடிப்பவர் கேட்காமலே அடித்தார். கொட்டாவிக்காரர் எழுந்து நின்று கண்ணை மூடி அழுதார். அந்தப் பெண் எனக்குச் சொன்ன பயத்தை நான் அவள் வீட்டுக்கு எதிராகவே எடுத்து வீசிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது அப்படித் தெரியவில்லை, பிரசங்கம் ஏறுகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியின் ஒரு வாய் அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் பால் பாக்கெட்டோடு கேட்டில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தேன். பெரிய மழை அதற்குப் பிறகுதான் பிடித்தது, விடிகிற வரைக்கும் விடவில்லை.

ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு எழுபது பேர் கூடிவிட்டார்கள். சபையையும் அந்த வீட்டையும் சேர்த்துச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம். கல்யாண பேண்டில் வாசிக்கிற ஒரு சகோதரர் டிரம்பெட்டோடு வந்திருந்தார். ஏழாம் சுற்று வரைக்கும் ஊதக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. ஒருவர் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தபடி முன்னால் பின்பக்கமாக நடந்தார். என்னை முதல் வரிசையில் விட்டார்கள்.

ஐந்தாம் சுற்றில் சுவர் விழுந்தது.

எக்காளம் ஊதவில்லை. யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. ஒரு பெண் தொண்டையைச் செருமியதுகூட எனக்குக் கேட்டது. அப்புறம் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், செம்மண் தூசி. ஒரு கணம் எல்லோரும் அப்படியே நின்றோம். பிறகு "அல்லேலூயா!" என்று சந்தே வெடித்தது. நான் இரண்டு கைகளையும் உயர்த்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பது வருடம் சொன்ன கதை என் முன்னால் நடக்கிறது என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை எழுதும்போது என்னை நினைத்தாலே கூசுகிறது.

முதலில் ஓடியது ஜோயல்தான். மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். "மாணிக்கம் தாத்தா! தாத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். தங்கவயலில் பக்கத்துப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்களாம், அவருடைய அப்பாவும் இந்தப் பெரியவரும் ஒரே ஷிப்டில் இறங்கியவர்களாம். அது எனக்கு அன்றுதான் தெரியும். ஜோயல் கேட்டுக்குள் நுழைகிறவரைக்கும் என் கைகள் மேலேதான் இருந்தன.

தூசி அடங்கியதும் அறை தெரிந்தது. கட்டில் மேல் இடுப்புயரத்துக்குச் செங்கல். மெஷின் இருந்த இடமே தெரியவில்லை. ராகாப் ஜன்னலில் கட்டின சிவப்புக் கயிற்றைப் பற்றி நான் எத்தனையோ தடவை உருக்கமாகப் பேசியிருக்கிறேன், எரிகோவில் தப்பிய ஒரே வீட்டின் அடையாளம் அது. இங்கே நீல நைலான் கயிறு அறுந்து, ஈரத்துணிகள் செங்கல் மேல் கிடந்தன.

வாசற்படியில் யசோதரை அப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அடி எதுவும் இல்லை. விடிகாலையிலேயே சுவரிலிருந்து பொடிப்பொடியாக உதிரும் சத்தம் கேட்டு, "செவுரு பேசுது, என்னத் தூக்கு" என்றிருக்கிறார். சுரங்கத்தில் பாறை விழுவதற்கு முன்னால் அப்படித்தான் உதிருமாம். குழாய் நீளும் வரைக்கும் அவரை வாசலுக்கு நகர்த்தியிருக்கிறாள். இப்போது குழாய் இருந்தது, மெஷின் இல்லை. அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது.

ஜோயல் அவரைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு ஓட, நான் பின்னால் ஓடினேன். முனையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் மீதிச் சுற்றுகளை முடிக்க மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். டிரம்பெட்காரர் கடைசியில் ஊதவும் ஊதினாராம்.

அரசு ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டியதும் பெரியவருக்கு மெல்ல நிறம் திரும்பியது. யசோதரை சீட்டு வாங்கப் போனாள், ஜோயல் வேறு மெஷினுக்காகப் போனில் யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். மப்ளரை மடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பேசினார். "கீழ கல்லு உழுந்துச்சின்னு வையி ஐயரே. மேல இன்னா பண்ணுவாங்க தெரியுமா? சாமி கும்புட மாட்டாங்க, அழ மாட்டாங்க. மொதல்ல தல எண்ணுவாங்க. எறங்குறப்போ ஆளுக்கொரு டோக்கன் குடுத்துட்டுப் போவோம். எந்த டோக்கனு பலகையில இன்னும் தொங்கிக்கினு கீதோ, அந்த ஆளு உள்ள கீறான்னு அர்த்தம். எண்ணி முடிக்காம ஒர்த்தனும் ஊட்டுக்குப் போவ மாட்டான்."

"சரிங்க ஐயா" என்றேன்.

"நேத்து எரிகோ எரிகோன்னு ஸ்பீக்கர்ல கத்துனியே. அந்த ஊருக்குள்ள எத்தினி பேரு இருந்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஏழு ஆசாரியர்கள். ஏழு எக்காளங்கள். ஆறு நாளுக்கு ஆறு சுற்று, ஏழாம் நாள் ஏழு, ஆக மொத்தம் பதின்மூன்று சுற்று. எல்லாம் தெரியும். வெளியே நடந்தவர்களைப் பற்றி எல்லாமே தெரியும்.

"அது எழுதல ஐயா" என்றேன்.

"எழுதலியா, எண்ணலியா?" என்று கேட்டுவிட்டு அவர் மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டார். கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் போலிருந்தது. அதனால்தான் எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் நன்றிக் கூட்டம். இடம் கொள்ளாத கூட்டம், காலையில் எடுத்த வீடியோ அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. விழுந்த சுவரின் இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நடந்த அற்புதத்தை எடுத்துச் சொல்ல, அதாவது சாட்சி சொல்ல, என்னைக் கூப்பிட்டார்கள்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். "சுவர் ஈரத்தில் விழுந்தது. நம்முடைய கூரைத் தண்ணீரில் விழுந்தது. அந்தச் சகோதரி வெள்ளிக்கிழமையே என்னிடம் காட்டி, பாஸ்டரிடம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன், சொல்லவில்லை. அடுத்த நாள் அதையே பிரசங்கமாக்கி உங்களிடம் அல்லேலூயா வாங்கினேன். உள்ளே படுத்திருந்தவரை எனக்குத் தெரியும். அவர் செத்திருப்பார்."

தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. ஜோயலின் முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது சொல்வார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. எங்கேயோ ஒரு குரல் "ஸ்தோத்திரம்" என்றது. இன்னொரு குரல் அதற்குப் பின்னால். ஜோயல் எழுந்து மைக்கை வாங்கினார். "பாருங்க, எவ்ளோ தாழ்ம ஐயாவுக்கு. இவ்ளோ பெரிய ஊழியரு நம்ம முன்னாடி தன்னத் தாழ்த்துறாரு." கைதட்டல் எழும்பியது. சால்வையோடு ஒரு பெரியவர் வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தலை பழக்கத்தில் குனிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ரயிலுக்குமுன் அந்த வீட்டுக்குப் போனேன். யசோதரை செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் இரண்டு பேர் முக்காட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்ணை அள்ளினார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் எழுந்து நின்றது எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் கையிலிருந்த செங்கல்லை அடுக்கி முடித்தாள். "சனிக்கெழம பேசுனதும் ஸ்பீக்கர்ல கேட்டேன் சார். நேத்து பேசுனதும் கேட்டேன். ரெண்டுக்கும் கை தட்டுனாங்க."

நானும் பதினைந்து நிமிடம் செங்கல் அடுக்கினேன். "உடுங்க சார், வண்டிக்கி நேரமாய்டும்" என்றாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். அவளுடைய அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம் போக, ஒற்றைச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் போனேன்.

ரயில் ஓசூரைத் தாண்டியபோது மனைவி போன் செய்தாள். "என்னங்க, சொவரு விழுந்த வீடியோ இங்க நம்ம சர்ச் குரூப்புல வந்துட்டு. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நீங்க நிக்கீங்க. எல்லாரும் சாட்சி சொல்லச் சொல்லி கேக்காங்க." பிறகு கேட்டாள். "அது யாரு வீட்டுச் சொவரு? உள்ள ஆளு இருந்தாங்களா?"

முப்பது வருடத்தில் எனக்கு வராத கேள்வி அவளுக்கு ஒரு வீடியோவில் வந்துவிட்டது.

"ரெண்டு பேரு இருந்தாங்க."

"இருந்தது உங்களுக்குத் தெரியாதுல்லா?"

"தெரியும்" என்றேன். "போன அன்னைக்கே அவங்க வீட்டுலதான் டீ குடிச்சேன்."